‘வரதகருத, நிவரதகருத?’: மதுபோதையில் வாகனம் செலுத்திய வழக்கில் மலையகச் சாரதிக்கு உள்ள வழிகள்

நீதவான் நீதிமன்றத்தில் போக்குவரத்து வழக்குகள் அழைக்கப்படும் நாளில் எல்லாம் வேகமாக நடக்கும். பெயரைக் கூப்பிடுவார்கள். குற்றச்சாட்டு சிங்களத்தில் வாசிக்கப்படும். அதன் முடிவில் ஒரு கேள்வி வரும்: “வரதகருத, நிவரதகருத?” குற்றவாளியா, சுற்றவாளியா என்பதுதான் கேள்வி. இரண்டு சொல்லுக்கும் இடையில் ‘நி’ என்ற ஒற்றை எழுத்துதான் வித்தியாசம். பசறையிலிருந்தோ மடுல்சீமையிலிருந்தோ முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த ஒரு ஆட்டோ சாரதி, கூண்டில் நின்ற பதற்றத்தில் “ஓவ்” என்று தலையாட்டிவிட்டால் அங்கேயே வழக்கு முடிந்துவிடும். தண்டப்பணம், சாரதி அனுமதிப்பத்திரம், அதோடு வாழ்வாதாரம் என்று எல்லாமே அந்தத் தலையாட்டலில் தீர்மானமாகிவிடும்.

குடித்துவிட்டு வாகனம் ஓட்டியவரைத் தப்ப வைப்பதற்காக இந்தக் கட்டுரையை எழுதவில்லை. ஊவாவின் வீதிகள் எப்படிப்பட்டவை என்பதை இங்குள்ள யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் மைல்கல் பகுதியில் லுணுகலையிலிருந்து வந்த பஸ் பள்ளத்தில் விழுந்தது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியிலும் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்தது. இரண்டிலும் பத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த விபத்துகளுக்கு மது காரணம் என்று நான் சொல்லவரவில்லை. நிதானமாக இருக்கும் சாரதிக்கே ஒரு கணத் தவறு போதும் என்கிற வீதிகள் இவை என்பதைத்தான் சொல்கிறேன். ஆனாலும் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சட்டம் சில உரிமைகளைத் தந்திருக்கிறது. கொழும்பில் கார் ஓட்டுபவர் சட்டத்தரணியை வைத்து அவற்றைப் பயன்படுத்திக்கொள்கிறார். தோட்டத்திலிருந்து வருபவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

சட்டம் சொல்வது

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவுதான் அடிப்படை. மதுசாரமோ போதைப்பொருளோ உட்கொண்ட பின் வீதியில் வாகனம் செலுத்துவதை அது தடை செய்கிறது. ‘உட்கொண்டவர்’ என்று யாரைக் கருதுவது என்பதற்கு ஒழுங்குவிதி ஓர் அளவை வைத்திருக்கிறது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பதே அந்த அளவு. இந்தியாவில் இது 30 மில்லிகிராம்தான். ஆகவே தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் கேட்ட கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். இங்கிலாந்தில் 80, ஸ்கொட்லாந்தில் 50. இத்தகைய விதிகள் திருத்தப்படக்கூடியவை என்பதால், வழக்கு இருப்பவர்கள் அன்றைய அளவைச் சட்டத்தரணியிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

இதில் பலரும் தவறாக விளங்கிக்கொண்டிருக்கும் விஷயம் ஒன்று உண்டு. “பலூன் ஊத மாட்டேன் என்று நின்றால் ஆதாரம் இல்லாமல் போய்விடும்” என்று சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். சோதனைக்கு மறுப்பவர் மது அருந்தியவராகவே சட்டத்தின் பார்வையில் கருதப்படுவார். அளவுக்குக் குறைவாகக் குடித்திருந்தவர்கூட மறுத்த காரணத்தால் மாட்டிக்கொள்ளலாம்.

தண்டனையைப் பொறுத்தவரை, விபத்தோ காயமோ இல்லாத வழக்கில் தண்டப்பணம் 25,000 ரூபாவில் தொடங்கி 30,000 ரூபா வரை போகும். மூன்று மாதம் வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. சாரதி அனுமதிப்பத்திரம் 12 மாதங்கள் வரை இடைநிறுத்தப்படலாம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 25,000 ரூபா என்பது 18 நாள் கொழுந்துக்கு மேல். பிறகு வந்த உயர்வையும் சேர்த்துப் பார்த்தாலும் இரண்டு வார உழைப்புக்குக் குறையாது.

இருந்தாலும் தண்டப்பணம் ஒருநாள் கட்டி முடியும். லைசன் போவதுதான் பெரிய அடி. லீசிங்கில் ஆட்டோ எடுத்தவருக்கு ஒரு வருடம் ஓட்ட முடியாது என்றால் தவணை நின்றுவிடும், வண்டியும் போய்விடும். தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், இரவில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போவதும் அந்த ஒரே ஆட்டோவில்தான் என்ற லயங்கள் எத்தனையோ உண்டு.

வீதியோரத்தில்

சம்பள நாளான பத்தாம் திகதியை ஒட்டியும், தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு, வருட முடிவு நாட்களிலும் சோதனை கூடுதலாக இருக்கும். “மல்லி, பிம்பின்ன” என்று பொலிஸ் உத்தியோகத்தர் பலூனை நீட்டுவார். நீண்ட காலமாகப் பயன்பாட்டில் இருப்பது பலூனோடு பொருத்திய கண்ணாடிக் குழாய். உள்ளேயிருக்கும் மஞ்சள் நிற இரசாயனத் துகள் மதுசார ஆவி பட்டால் பச்சையாக மாறும். பச்சை நிறம் குழாயில் உள்ள கோட்டைத் தாண்டினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். எண்ணைக் காட்டும் மின்னணுக் கருவிகளும் உண்டு.

ஊதுவதற்கு முன்னும் பின்னும் கண்ணைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. குழாயின் முத்திரை உங்கள் முன்னிலையில்தான் உடைக்கப்பட்டதா? அதில் காலாவதித் திகதி என்ன? ஊதிய பின் நிறம் எங்கே நின்றது என்பதை உங்களுக்குக் காட்டினார்களா? அப்போது மணி என்ன? கடைசி மிடறுக்கும் ஊதியதற்கும் இடையில் எவ்வளவு நேரம்? குடித்து அல்லது வாந்தி எடுத்துச் சில நிமிடங்களுக்குள் ஊதினால், வாயில் தங்கியிருக்கும் மதுசாரமே கருவியை ஏமாற்றிவிடக்கூடும். சில இருமல் மருந்துகளும் வாய் கொப்பளிக்கும் திரவங்களும் அப்படித்தான். 15 நிமிடம் பொறுத்து ஊதவைப்பது உலகெங்கும் நல்ல நடைமுறையாகக் கருதப்படுவது இதனால்தான். முடிவை ஏற்க முடியவில்லை என்றால் அரசாங்க வைத்திய அதிகாரியிடம் பரிசோதனைக்கு அனுப்பும்படி மரியாதையாகக் கேளுங்கள். கேட்டதைப் பதிவு செய்யவும் சொல்லுங்கள். கேட்டது நடக்காமல் போனாலும், கேட்டீர்கள் என்பது பின்னால் வழக்கில் பேசப்படும்.

மறுநாள் காலை ஓட்டும் சாரதிகளுக்கு ஒரு வார்த்தை. உடல் மதுசாரத்தை வெளியேற்றும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாக மணிக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் இரத்தத்தில் குறையும். குளித்தாலும் கோப்பி குடித்தாலும் மோர் குடித்தாலும் அந்த வேகம் கூடாது. நள்ளிரவு வரை நன்றாகக் குடித்தவர் காலை ஆறு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும்போதும் அளவுக்கு மேல் இருக்கலாம். “நேற்று குடிச்சதுங்க சார்” என்பது எதிர்வாதம் ஆகாது. நீங்களே கொடுக்கும் ஒப்புதல் அது.

கையில் ஏதாவது கொடுத்து அங்கேயே முடித்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் உடனே கைவிடுங்கள். இலஞ்சம் கொடுப்பது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். மதுபோதை வழக்கைவிடப் பல மடங்கு பாரதூரமானது.

பொலிஸ் நிலையத்தில் கையெழுத்து

கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. பிடியாணையின்றிக் கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் பயணத்துக்கான நேரம் சேராது. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் அடிப்படை, பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு என்பதுதான். எவருக்கும் காயமில்லாத வழக்கில் பிணை கிடைப்பது பொதுவாகச் சிரமமில்லை. அடையாள அட்டையோடு பிணை நிற்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். பொலிஸ் நிலையத்தில் உங்களுக்காகச் சட்டத்தரணி வந்து பேசவும் 2012இல் வெளியான விதிகள் இடம் தருகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது வாக்குமூலம். பெரும்பாலும் அது சிங்களத்தில் எழுதப்படும். “அத்ஸன கறன்ன” என்றதும் கையெழுத்து போட்டுவிட்டு வருவதுதான் நம்மவர்களின் வழக்கம். என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் தெரியாது. நீங்கள் சொன்னதற்கும் அதிலுள்ளதற்கும் இடையிலான தூரம் வழக்கில்தான் தெரியவரும். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் ஓர் அரச உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்புகொள்ளவும், தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. நடைமுறையில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அந்த நேரத்தில் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். விளங்காத தாளில் கையெழுத்துப் போட வேண்டிய நிலை வந்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் “எனக்கு வாசித்து விளங்கப்படுத்தவில்லை” என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி பிறகு உங்கள் சட்டத்தரணிக்குப் பெரிய உதவி.

கூண்டில் நிற்கும்போது

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அதன் 182ஆம் பிரிவின்படி நீதவான் குற்றச்சாட்டை வாசித்துக் காட்ட வேண்டும். 183ஆம் பிரிவு, குற்றத்தை எந்த நிபந்தனையும் இல்லாமல் ஒப்புக்கொண்டால் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கலாம் என்கிறது. நிபந்தனையற்ற ஒப்புதல் என்ற இடம் முக்கியமானது. “குடிச்சது உண்மைதாங்க, ஆனா ஒரு பியர்தாங்க” என்று சொல்பவர் நிபந்தனையின்றி ஒப்புக்கொண்டவர் அல்ல. சட்டம் கேட்பது குறிப்பிட்ட அளவு இருந்ததா என்பதை. அவர் சொல்வதோ அதை மறுக்கும் பதில். அது சரியாக மொழிபெயர்க்கப்பட்டால் வழக்கு விசாரணைக்குப் போக வேண்டும். “ஓவ்” என்று மட்டும் மொழிபெயர்க்கப்பட்டால் அங்கேயே முடிந்துவிடும்.

அதனால்தான் 24ஆம் உறுப்புரையை மலையகத்தவர் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். ஆனால் அந்த மொழி விளங்காத தரப்பினருக்கு நடப்பதை விளங்கிக்கொள்ளவும் அதில் பங்குபற்றவும் தேவையான மொழிபெயர்ப்பை அரசு வழங்க வேண்டும். வழக்கேட்டின் தேவையான பகுதியைத் தமிழில் பெறவும் உரிமை உண்டு. யாரோ செய்யும் உபகாரம் என்று இதை நினைத்துத் தயங்க வேண்டாம். பெயர் கூப்பிட்டதும் முதலில் சொல்ல வேண்டியது, “ஐயா, எனக்குச் சிங்களம் விளங்காது, தமிழில் சொல்லுங்கள்” என்பதுதான். கடைவீதியில் பேசும் சிங்களம் தெரியும் என்பதற்காக நீதிமன்றச் சிங்களமும் தெரியும் என்று யாரும் வெட்கத்தில் தலையாட்டக் கூடாது. அந்த வெட்கத்தின் விலை 25,000 ரூபா.

தலையாட்டிவிட்டீர்கள், பிறகுதான் விளங்கியது என்றாலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. தண்டனை அறிவிக்கப்படும் முன், நீதவானின் அனுமதியோடு குற்ற ஒப்புதலை மீளப் பெறலாம். அதே 183ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. தண்டனை சொல்லப்பட்ட பின் அந்த வாசல் மூடிவிடும்.

எதிர்வாதம் என்றால் என்ன?

‘சுற்றவாளி’ என்று சொன்னால், குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கும் பொறுப்பு பொலிஸாருடையது. நீங்கள் வாய் திறக்கவே தேவையில்லை. அவர்கள் நிரூபிக்க வேண்டியவை: வாகனத்தைச் செலுத்தியது நீங்கள், அது வீதியில் நடந்தது, அளவு மீறி மதுசாரம் இருந்தது அல்லது சோதனைக்கு நீங்கள் மறுத்தீர்கள். சட்டத்தரணியின் வேலை இவற்றில் எது பலவீனமானது என்று பார்ப்பது.

‘செலுத்தியது’ என்பதில் சில வேளை உண்மையான கேள்வி இருக்கும். நிறுத்திவைத்த ஆட்டோவில் படுத்திருந்தவரும் ஓட்டிவந்தவரும் ஒன்றல்ல. மோட்டார் சைக்கிளில் இருவர் வந்து, பின்னால் இருந்தவரை ஓட்டியவர் எனப் பதிந்திருந்தாலும் அப்படியே. சோதனையைப் பற்றி முன்னர் சொன்ன கேள்விகள் எல்லாம் குறுக்கு விசாரணையில் வரும். சோதித்த உத்தியோகத்தர் சாட்சியமளிக்கும்போது குறிப்புப் புத்தகத்தில் நேரம், இடம், குழாய் பற்றிய விபரங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கப்படும்.

நம் பகுதிக்கே உரிய வாதம் ஒன்றும் இருக்கிறது. “அது மெயின் ரோடு இல்லீங்க, தோட்டத்து ரோடு. கம்பெனிக்குச் சொந்தமானது.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொதுமக்களுக்கு வழியுரிமை உள்ள அல்லது அவர்கள் போய்வர அனுமதிக்கப்படும் இடத்தையும் ‘வீதி’ என்ற சொல்லுக்குள் சட்டம் கொண்டுவருகிறது. தபால்காரரும் மீன்காரரும் பள்ளிக்கூட வேனும் போகும் தோட்டப் பாதையை யாரும் நுழைய முடியாத தனியார் காணி என்று காட்டுவது கஷ்டம். தொழிற்சாலையின் பூட்டிய கேட்டுக்குள் நடந்தது என்றால் நிலைமை வேறு. என் பார்வையில், இந்த வாதத்தை நம்பி மட்டும் வழக்காடுவது காசுக்கு நட்டம்.

இனிக் கசப்பான கணக்கு. விசாரணை என்றால் பல தவணைகள். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் சம்பளம், பஸ் காசு, சட்டத்தரணிக்கான கட்டணம். சில வேளை பொலிஸ் சாட்சி வராமல் வழக்கு தள்ளிப்போகும். நான்கைந்து தவணையில் செலவு தண்டப்பணத்தை எட்டிவிடலாம். ஆகவே அளவு தெளிவாக மீறியிருந்து, சோதனையிலும் குறை தென்படவில்லை என்றால், ஒப்புக்கொள்வது பெரும்பாலும் புத்தியான தெரிவு. ஆனால் விளங்கி ஒப்புக்கொள்வதும் விளங்காமல் ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல. விளங்கி ஒப்புக்கொள்பவர் அத்தோடு நிற்க மாட்டார். தண்டனைக் குறைப்புக்கான காரணங்களையும் முன்வைப்பார்: இதற்கு முன் குற்றம் எதுவும் இல்லை, யாருக்கும் காயமில்லை, வீட்டின் ஒரே வருமானம் இந்த ஆட்டோ, லீசிங் ஆவணம் இதோ, படிக்கும் பிள்ளைகளின் விபரம் இதோ. தண்டப்பணத்தில் கீழ்வரம்பு இருப்பதால் அங்கே பெரிதாகக் குறையாது. அனுமதிப்பத்திர இடைநிறுத்தம் 12 மாதம் ‘வரை’ என்பதால், எத்தனை மாதம் என்பதில்தான் இந்தக் காரணங்கள் வேலை செய்யும். வாய்ப்பேச்சாகச் சொல்லாமல் தாளாகக் கொண்டுபோங்கள்.

தண்டப்பணத்தை உடனே கட்ட முடியாது என்றால் அவகாசமோ தவணை முறையோ கேட்கலாம். அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. கேட்காமல் இருந்து, கட்ட முடியாமல் சிறைக்குப் போவதுதான் இதில் மிகப் பெரிய அநியாயம். சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை வழங்க 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்கிறது. சட்டத்தரணி மூலம் அதையும் முன்வைக்கலாம். தீர்ப்பு பிழை என்று கருதினால் மேன்முறையீடு மாகாண மேல் நீதிமன்றத்துக்கு. காலம் 14 நாட்கள் மட்டுமே. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு அந்த வழி மிகவும் ஒடுங்கியது என்பதையும் மனதில் வையுங்கள்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்பவர்கள் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் பதுளை நிலையத்தை அணுகலாம். வருமானத்தைப் பார்த்தே உதவி தீர்மானிக்கப்படும் என்பதால் சம்பளத் துண்டு, கிராம உத்தியோகத்தர் அத்தாட்சி ஆகியவற்றோடு போவது நல்லது. வழக்குத் தவணைக்கு முதல் நாள் போகாமல் ஒரு கிழமை முந்திப் போங்கள். நீதிமன்ற வாசலில் “நான் பார்த்து முடித்துத் தாறேன்” என்று வருபவரிடம் காசு கொடுக்கும் முன், அவர் சட்டத்தரணிதானா என்று கேட்பதில் தப்பே இல்லை.

யாராவது காயப்பட்டிருந்தால்

மேலே சொன்னவை எதுவும் அப்படியே பொருந்தாது. காயமோ மரணமோ ஏற்பட்டால் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே தண்டனை பல மடங்காகும். அதோடு தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவும் வரலாம். கவனயீனத்தால் மரணம் விளைவித்ததற்கு ஐந்து வருடம் வரை சிறை. காப்புறுதி நிறுவனமும் மதுவைக் காரணம் காட்டி உங்கள் வாகனத்துக்கான இழப்பீட்டை மறுக்கக்கூடும். இந்நிலையில் சட்டத்தரணி இல்லாமல் வாக்குமூலத்தில் ஒரு வரிகூடக் கூடுதலாகச் சொல்ல வேண்டாம். காயப்பட்டவரை ஆஸ்பத்திரிக்குச் சேர்ப்பதும், சம்பவ இடத்திலிருந்து ஓடாமல் இருப்பதும் சட்டக் கடமைகள். வழக்கில் அவை உங்களுக்குச் சாதகமாகவும் பேசும். காயப்பட்டவரின் குடும்பமும் அநேகமாக அடுத்த லயத்தில்தான் இருக்கும். அவர்களுக்கும் நட்டஈட்டு வழக்கு உரிமை உண்டு, அவர்களுக்கும் அதே சிங்களக் குற்றப்பத்திரம்தான், அவர்களுக்கும் மொழிபெயர்ப்புக் கேட்கும் அதே உரிமை இருக்கிறது.